காக்கா எடுக்கும் வரை

எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. அமாவாசைதான் லீவு. அன்றைக்கு யாரும் தறியில் உட்கார மாட்டோம். மற்ற நாளெல்லாம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அமாவாசையன்று காலையில் கண் விழித்தால் காது அடைத்துப்போன மாதிரி இருக்கும். சின்ன வயதில் அந்த அமைதி எனக்கு ரொம்பப் பிடிக்கும், தறியில் இழை விட்டதற்காக அப்பா அடிக்காத நாள் என்று அர்த்தம். இப்போது பிடிக்கவில்லை. வீட்டில் நான் ஒருத்தன்தான். தறிச் சத்தமும் இல்லாவிட்டால் சுவர்க் கடிகாரத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

என் மனைவி இருந்தவரை அமாவாசை எங்கள் வீட்டில் சத்தமான நாள். அன்று மத்தியானம் லேப்டாப்பில் குடும்பக் கூட்டம். பெண் ஜெர்மனியில் இருக்கிறாள், பையன் சிங்கப்பூரில், கொழுந்தியா வாலாஜாபாத்தில். வாலாஜாபாத்துக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு டவுன் பஸ்தான் தூரம். நினைத்தால் வடை ஆறுவதற்குள் நேரில் வந்து உட்கார்ந்துவிடலாம். ஆனாலும் அவளும் போனில்தான் வருவாள். எல்லாரும் பொட்டியில் வரும்போது தான் மட்டும் எதற்கு பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வரவேண்டும் என்று நியாயம் பேசுவாள்.

கூட்டத்தை நடத்தியது என் மனைவி. ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அப்போது லேப்டாப்பில் பாடம் நடத்தக் கற்றுக்கொண்டாள். அதற்காகத் திறந்த கணக்கில் தன் பெயரை ‘மூன்றாம் வகுப்பு டீச்சர்’ என்று போட்டு வைத்திருந்தாள். அதைக் கடைசிவரை மாற்றவில்லை. குடும்பக் கூட்டத்திலும் அவள் முகத்துக்குக் கீழே அதுதான் இருக்கும். நடத்தையும் அதற்குக் குறைந்ததில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு பொத்தானைத் தட்டி ஒருத்தர் வாயை அடைத்துவிடுவாள். பேச வேண்டுமென்றால் கையைத் தூக்க வேண்டும். கல்யாணமாகிக் குழந்தையும் பெற்ற என் பையன், சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு தன் அம்மாவைப் பார்த்துக் கையைத் தூக்குவான். எனக்குச் சிரிப்பு தாங்காது. சிரித்தால் என் வாயையும் அடைத்துவிடுவாள், நான் அதே அறையில் உட்கார்ந்திருந்தாலும்.

ஒரு தடவை பையன் சாமர்த்தியமாக ஒரு வேலை செய்தான். மாதா மாதம் தானாகவே கூட்டத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி அவள் கணக்கில் எதையோ போட்டுவைத்தான். அடுத்த மாதம் அது அமாவாசை முடிந்த மறுநாள் மணியடித்தது, அதற்கடுத்த மாதம் இன்னும் தள்ளிப் போய்விட்டது. அவனைக் கூட்டத்தில் நிற்க வைத்துக் கேட்டாள், கம்ப்யூட்டருக்கு அமாவாசை தெரியுமா என்று. அதற்கப்புறம் எப்போதும்போலத் தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்துத்தான் கூட்டம். லிங்க் மட்டும் மாறாது. ஒரே லிங்க்தான், எல்லார் போனிலும் இருந்தது.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாள். காக்கா எடுத்த பிறகுதான் கூட்டம்.

அமாவாசையன்று என் அப்பா அம்மாவுக்குப் படையல் போடுவோம். போட்டதில் கொஞ்சம் எடுத்து மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்காவுக்கு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் யாரும் சாப்பிடலாம். காக்கா உருவத்தில் போனவர்கள் வருகிறார்கள் என்பது எங்கள் வீட்டில் யாரும் கேள்வி கேட்காத விஷயம். எடுக்காமல் போனால் அவர்களுக்கு நம் மேல் ஏதோ மனக்குறை என்று அர்த்தம். ஊர் ஊராகப் போன பிள்ளைகளுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று சொல்லிவிட்டாள். ஜெர்மனியில் அப்போது காலை நேரம், பெண் டிபன் சாப்பிடாமல் இருப்பாள். பையன் மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைப்பான். அது எடுக்கும்வரை யாரும் போன் போட்டு ‘ஆச்சா ஆச்சா’ என்று நச்சரிக்கவும் கூடாது.

நான் இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவேன். அவள் கீழே லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காக்கா எடுத்ததும் நான் மாடிப்படியிலிருந்து ‘எடுத்துடுச்சு’ என்று ஒரு குரல் கொடுப்பேன். இறங்கி வருவதற்குள் திரையில் மூன்று முகமும் வரிசையாக வந்திருக்கும். அவரவர் தட்டோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்திருப்பார்கள். எப்படி அவ்வளவு சரியாக அந்த நேரத்தில் வருகிறார்கள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அது அவள் இலாகா என்று இருந்துவிட்டேன்.

நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கூட்டம் முடிந்துதான் சாப்பிடுவோம். அடுத்தவர் பார்க்க வாயை மெல்லுவது அவளுக்குப் பிடிக்காது, பெற்ற பிள்ளைகளாக இருந்தாலும். லேப்டாப்பை மூடிவிட்டு, ஆறிப்போன சோற்றை எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவோம். அதுவரை எனக்கு வயிறு கூப்பாடு போடும். வாயைத் திறக்க மாட்டேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு காலை, காப்பி போட்டுக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது.

பையன் அன்று சாயங்காலமே வந்து சேர்ந்தான். பெண்ணுக்கு அங்கே பனி, விமானம் கிளம்பவில்லை. மறுநாள்வரை வைத்திருக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். பெரியவர்கள் அது சரியில்லை என்றார்கள். எனக்கு அப்போது எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. கொழுந்தியாதான் வாசலில் நின்று போனைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஜெர்மனிக்குக் காட்டினாள். குளிப்பாட்டியதையும், கூறைப்புடவை போர்த்தியதையும், தூக்கிக்கொண்டு போனதையும் என் பெண் உள்ளங்கை அகலத்துக்குப் பார்த்தாள். மறுநாள் பால் தெளித்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோது வாசலில் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு அழவில்லை. வரத் தாமதமாகிவிட்டது என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள், ஏதோ பள்ளிக்கூடத்துக்கு வந்தவள் மாதிரி.

காரியம் முடிந்து எல்லாரும் போனார்கள். நான் மறுபடி தறியில் உட்கார்ந்தேன். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் தவறாமல் பேசினார்கள். பையன் ஒரு நாள், பெண் ஒரு நாள். சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா, இதுதான் கேள்வி. சாப்பிட்டேன், போட்டேன், இதுதான் பதில். அதற்குமேல் இரண்டு பக்கமும் சரக்கு இருக்காது. நடுவிலிருந்து ஒருத்தி பேச்சை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள், அவள் போனதும் நாங்கள் எல்லாரும் மரியாதையான மனிதர்களாக ஆகிவிட்டோம்.

அதற்கப்புறம் வந்த மூன்று நான்கு அமாவாசைகளில் யாரும் கூட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கடைசியாக வந்த அமாவாசையன்று மாடியில் சோறு வைத்துவிட்டு வந்து, கூடத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். தெருவிலும் சத்தமில்லை, வீட்டிலும் சத்தமில்லை. நான் ஒருத்தன் மிஞ்சியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக உறைத்தது. மூன்று பேரையும் ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்று அப்படி ஒரு ஆசை வந்தது. கண்ணீரும் வந்தது, சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லை.

பையனிடம் சொன்னால் ஒரு நிமிஷத்தில் கூட்டத்தைப் போட்டுக் கொடுத்திருப்பான். ஆனால் அது அவன் கூட்டமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வசதியா என்பான், அரைமணி நேரம் போதுமா என்பான். அமாவாசைக் கூட்டம் இந்த வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும். அந்தப் பிடிவாதத்தில் நானே இறங்கினேன்.

என் போனில் பழைய லிங்க் இருந்தது. தட்டினேன். ஹோஸ்ட் இன்னும் கூட்டத்தை ஆரம்பிக்கவில்லை, காத்திருக்கவும் என்று வந்தது. மரியாதையாகச் சொல்கிறதே என்று நானும் காத்திருந்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது, அதைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தாலும் அதே வாசகம்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே இருந்த சின்ன எழுத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீங்கள்தான் ஹோஸ்ட் என்றால் உள்ளே நுழையவும் என்றது. அவள் வந்து கதவைத் திறப்பாள் என்று நானும் அந்தப் போனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தோம் என்பது அப்போதுதான் புரிந்தது.

லேப்டாப் பீரோவில், அவள் புடவைகளுக்கு அடியில், ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றி இருந்தது. திறந்தால் அவள் கணக்கு வந்தது, பாஸ்வேர்டு கேட்டது. எனக்குத் தோன்றியதையெல்லாம் அடித்துப் பார்த்தேன். பிள்ளைகள் பெயர், அவள் பிறந்த ஊரான மாகறல், வீட்டுக் கதவு எண். எதற்கும் அசையவில்லை. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்று அதுவே கேட்டது. எனக்கு எங்கே தெரிந்தது, மறப்பதற்கு. ஆமாம் என்று தட்டினேன். போன் நம்பருக்கு ஒரு எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. அவள் நம்பருக்கு.

அவள் போனும் அதே பீரோவில்தான் இருந்தது. சார்ஜ் போட்டு உயிர் வந்தது, ஆனால் ரீசார்ஜ் தீர்ந்துபோய் எந்த மெசேஜும் வரவில்லை. தேரடிப் பக்கம் ஒரு மொபைல் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, ரொம்ப நாள் போடாமல் விட்டிருக்கிறீர்கள், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நம்பரே போய் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்றார்.

“யாரு யூஸ் பண்றாங்கோ?” என்று கேட்டார்.

“என் சம்சாரம்.”

“அவங்ககிட்ட சொல்லுங்க சார், மாசா மாசம் மறக்காம போடணும்னு.”

“சொல்றேன்பா” என்றேன்.

திரும்பி வரும் வழியில் அவள் போன் என் சட்டைப்பையில் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அத்தனை மாதமாக வந்து காத்திருந்த குட்மார்னிங் படங்களெல்லாம் ஒரேயடியாக வந்து விழுந்தன. ரோஜாப்பூ, பிள்ளையார், சூரியோதயம். அவளோடு வேலை பார்த்த டீச்சர்கள் யாரோ பழக்கத்தில் எல்லாருக்குமாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். நடுரோட்டில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஆட்டோக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

வீட்டுக்கு வந்து அந்த ஆறு இலக்க எண்ணை மறுபடி வரவழைத்தேன். நான் அதை ஒரு விரலால் அடித்து முடிப்பதற்குள் காலாவதியாகிவிட்டது என்றது. இரண்டாவது முறை நடுவில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்தேன். தறியில் இத்தனை வருஷம் இழை எண்ணியவன், ஆறு எண்ணை ஒழுங்காக அடிக்கத் தெரியவில்லை என்று என் மேலேயே கோபம் வந்தது. அதற்கடுத்த முறை எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடித்தேன், கதவு திறந்தது. புது பாஸ்வேர்டு போடச் சொன்னது, போட்டேன். என்ன என்று இங்கே எழுத மாட்டேன்.

குடும்ப வாட்ஸ்அப்பில், வரும் அமாவாசைக்கு மத்தியானம் கூட்டம் உண்டு, பழைய லிங்க்தான் என்று தட்டி அனுப்பினேன். பையன் உடனே கட்டைவிரல் போட்டான். கொழுந்தியா கும்பிடுகிற கை போட்டாள். பெண்ணிடமிருந்து மறுநாள்தான் பதில் வந்தது. ‘சரிப்பா’ என்று மட்டும்.

அந்த அமாவாசையன்று விடிந்ததிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை. வாழைக்காய் பொரியல், பூசணிக்காய் சாம்பார், பருப்பு, பாயசம். வடை மட்டும் எனக்கு வராது, எதிர்வீட்டில் கொடுத்தார்கள். கூடத்தில் அவள் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படைத்தேன். முன்னெல்லாம் என் அப்பா அம்மாவுக்குப் படைக்கும்போது பக்கத்தில் நின்று, உப்பு சரியா என்று கண்ணாலேயே கேட்டவள். இப்போது அவளுக்கே படைத்துவிட்டு உப்பு சரியா என்று யாரைக் கேட்பது.

அவள் செய்கிற மாதிரியே முதலில் லேப்டாப்பைத் திறந்து கூட்டத்தை ஆரம்பித்தேன். என் முகம் வந்தது. அதற்குக் கீழே ‘மூன்றாம் வகுப்பு டீச்சர்’ என்று எழுதியிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு இலையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

அன்றைக்குக் காக்கா என்னைக் கூப்பிடவே விடவில்லை. கைப்பிடிச் சுவரில் இலையை வைத்து நான் கையை எடுப்பதற்குள், எங்கிருந்தோ வந்து இறங்கி, வடையைத் தூக்கிக்கொண்டது. வடையை வைத்துவிட்டு வந்து மறுபடி சோற்றையும் கொத்தியது. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மாடிப்படியில் நின்று ‘எடுத்துடுச்சு’ என்று பழக்கத்தில் கத்திவிட்டேன். என் குரல் காலி வீட்டுக்குள் போய் அப்படியே நின்றது.

கீழே வந்து பார்த்தால் திரையில் யாரும் இல்லை. நான்தான் இருந்தேன். மாதக் கணக்கில் திறக்காத லேப்டாப் அது. மேலும் கீழும் ஏதேதோ சின்னச் சின்னப் பெட்டிகள் வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று அப்டேட் வேண்டும் என்றது, இன்னொன்று வைரஸ் என்று மிரட்டியது. தலைவலி பிடித்த பெட்டிகள் என்று ஒவ்வொன்றின் மூலையிலும் இருந்த பெருக்கல் குறியைத் தட்டி எல்லாவற்றையும் விரட்டினேன். இப்போது திரை சுத்தமாக இருந்தது. என் முகம் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. கீழே ஆள் உருவம் போட்ட இடத்தில் ஒன்று என்று காட்டியது.

உட்கார்ந்திருந்தேன். வேலை இருக்கும், வந்துவிடுவார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நேரம் ஆக ஆக அந்தச் சமாதானம் எடுபடவில்லை. தன் முகத்தையே அவ்வளவு நேரம் பார்ப்பது பெரிய தண்டனை. நான் இவ்வளவு கிழவனாகிவிட்டேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாயசத்தில் ஆடை படர்ந்தது. கட்டைவிரல் போட்ட பையன் எங்கே, கும்பிடு போட்ட கொழுந்தியா எங்கே. அவள் கூப்பிட்டால் பட்டினி கிடந்து வருவார்கள், நான் கூப்பிட்டால் கட்டைவிரல்தான். சிவப்புப் பொத்தானைத் தட்டினேன். எல்லாருக்கும் கூட்டத்தை முடித்துவிடலாமா என்று கேட்டது. எல்லாருக்குமாம். எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று சத்தமாகவே கேட்டுவிட்டு முடித்தேன்.

சமையலறையில் சார்ஜ் போட்டிருந்த என் போன் உடனே அடித்தது. பெண்தான். எடுத்ததும் மூச்சுதான் கேட்டது. அழுதிருக்கிறாள்.

“ஏம்பா முடிச்சிட்டீங்க? காக்கா எடுக்கவே இல்லையாப்பா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் விடாமல் பேசினாள்.

“நாங்க மூணு பேரும் இவ்ளோ நேரமா வெளியவே நின்னுக்கினு இருக்கறோம்பா. நீங்க உள்ள விடவே இல்ல. சித்திகூட சொன்னாங்க, போன் பண்ணாத, அது வர்றவரைக்கும் இருன்னு. அம்மா என்மேல கோவமா இருக்காங்களாப்பா? நான் வர்றதுக்கு லேட்டாச்சுன்னு?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கியது. அவள் இத்தனை மாதம் என்னிடம் சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டதும், ‘சரிப்பா’ என்று ஒரு வார்த்தையில் நிறுத்தியதும். நான் இங்கே யாரும் வரவில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் மூன்று பேரும் பசியோடு கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, போனவள் சோற்றைத் தொட மறுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

“அடி பைத்தியக்காரி” என்றேன். “இலைய வெச்சு கைய எடுக்கல, அதுக்குள்ள வந்து எடுத்துக்கினு போயிடுச்சு. முதல் வாய் உங்கம்மாதான் சாப்ட்டா. எனக்குத்தான் கதவு திறக்கத் தெரியல.”

அந்தப் பக்கம் அவள் வாய்விட்டு அழுதாள். காரியத்துக்கு வந்தபோது அழாததையும் சேர்த்து அழுதாள் என்று நினைக்கிறேன். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். அழட்டும் என்று விட்டேன்.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தாள். கூட்டத்தை மறுபடி ஆரம்பிக்கச் சொன்னாள். வருகிறவர்களை முதலில் வெளியே ஓர் அறையில் நிறுத்திவைக்கிற மாதிரி அம்மா அமைத்திருக்கிறாள், ஹோஸ்ட் பார்த்து உள்ளே விட்டால்தான் வர முடியும் என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அப்படித்தான் நிறுத்தி வைப்பாளாம், அதையே காக்காவுக்காக எங்கள் வீட்டுக்கும் வைத்துக்கொண்டாள். நான் மாடியிலிருந்து கத்தியதும் அவள் விரல்தான் அவர்களை உள்ளே விட்டிருக்கிறது. மணிச்சத்தம் கேட்கிறதா என்றாள். கேட்கவில்லை என்றேன். படையல் நேரத்தில் டிங்டிங் என்று அடிக்கக் கூடாது என்று அம்மாதான் நிறுத்தி வைத்திருப்பாள் என்றாள்.

ஆள் உருவத்தைத் தட்டச் சொன்னாள். ஓரத்தில் ஒரு பட்டியல் திறந்தது. காத்திருப்பவர்கள் என்று போட்டு, அதன் கீழ் மூன்று பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. நான் விரட்டிய பெட்டிகளில் இவர்களும் இருந்திருக்கிறார்கள். பெண் போனில் ‘அட்மிட் இருக்குதா பாருங்க, தட்டுங்க’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உடனே தட்டவில்லை. இதைத்தான் அவள் அம்மா ஒவ்வொரு அமாவாசையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று தோன்றியது. மூன்று பெயரையும் ஒரு தடவை படித்துவிட்டுத் தட்டினேன்.

முகங்கள் வந்தன. மூன்றும் வீங்கியிருந்தன. பையன் கையைத் தூக்கினான். நான், பேசுடா, உங்கம்மாவா நான் என்றேன். அதற்குச் சிரித்தார்கள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. கொழுந்தியாதான் மூக்கைச் சிந்திவிட்டு, காக்கா எடுத்து ஒரு யுகம் ஆச்சு, இனிமேலாவது சாப்பிடலாமா மாமா என்று கேட்டாள். சாப்பிட்டார்கள். நான் சாப்பிடவில்லை, கூட்டம் முடியட்டும் என்றேன். ஒவ்வொருத்தராகப் போய், கீழே அந்த எண் மறுபடி ஒன்று என்று ஆனபிறகு, லேப்டாப்பை மூடிவிட்டு எனக்கு இலை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பையன் போன் செய்து, அந்தக் காத்திருக்கும் அறையை எடுத்துவிடலாம், ஒரே ஒரு இடத்தில் தட்டினால் போதும், அப்புறம் எல்லாரும் நேராக உள்ளே வந்துவிடலாம் என்றான். வேண்டாம் என்றேன். எனக்காக மூன்று பேர் கதவுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பது எனக்கு வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை. உங்கம்மா வைத்தது அப்படியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த அமாவாசைக்கு எல்லாம் எனக்கு அத்துப்படி. கூட்டத்தை ஆரம்பித்தேன், பட்டியலைத் திறந்து வைத்தேன். மூன்று பெயரும் வந்து நின்றதைப் பார்த்துவிட்டே மாடிக்குப் போனேன். இலையை வைத்தேன்.

காக்கா வரவில்லை.

கா, கா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். எதிர்வீட்டுத் தண்ணித் தொட்டிமேல் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்தது. ஏகாம்பரநாதர் கோபுரத்துப் பக்கமிருந்து ஒன்று வந்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அப்படியே போனது. எல்லா வீட்டு மாடியிலும் அன்றைக்குச் சோறுதான், அதற்கு என்ன அவசரம். தலை காய்ந்தது. சோறும் காய்ந்தது. அப்பளத்தை எடுத்து ஆட்டிக் காட்டினேன். கெஞ்சினேன், பிறகு திட்டினேன். என்ன கோபம் உனக்கு, சாம்பாரில் உப்புப் போதவில்லையா, மாத்திரையை மறந்துவிட்டேன் என்றா, எதுவாக இருந்தாலும் என்னோடு வைத்துக்கொள், அந்தப் பெண் கீழே பசியோடு நிற்கிறாள் என்று வாய்விட்டே சொன்னேன். தண்ணித் தொட்டிமேல் இருந்தது தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, அங்கேயே இருந்தது.

இதற்குமேல் விட்டால் ஜெர்மனியில் அழுகை ஆரம்பித்துவிடும் என்று தெரிந்தது. இறங்கி வந்தேன். பட்டியலில் மூன்று பெயரும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருத்தராக உள்ளே விட்டேன்.

பெண் வந்ததும் கேட்டாள். “எடுத்துடுச்சாப்பா?”

“வெச்ச உடனே” என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். தட்டை இழுத்துக்கொண்டாள். பையன் அலுவலகத்துக் கதை ஒன்றைச் சொன்னான். கொழுந்தியா அடுத்த மாதம் பஸ்ஸிலேயே வந்துவிடுவதாகச் சொன்னாள், அவள் சொன்னதை யாரும் நம்பவில்லை. நீங்கள் சாப்பிடவில்லையா என்று பெண் கேட்டாள். கூட்டம் முடியட்டும், இந்த வீட்டு வழக்கம் உனக்குத் தெரியாதா என்றேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒவ்வொருத்தராகப் போனார்கள்.

கூட்டத்தை முடித்துவிட்டு மறுபடி மாடிக்குப் போய்ச் சுவரோர நிழலில் உட்கார்ந்தேன். அதை விட்டுவிட்டு என்னால் சாப்பிட முடியாது. தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. வெயில் இறங்கி, கோபுரத்தின் நிழல் வீடுகள்மேல் நீண்டு வந்த நேரத்துக்கு அது வந்தது. சுவரில் இறங்கி, என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, காய்ந்த சோற்றைக் கொத்தியது.

நான் கீழே போய்ச் சாம்பாரைச் சுடவைக்காமல் அப்படியே ஊற்றிக்கொண்டு, தட்டோடு மாடிக்கு வந்தேன். அது இன்னும் கொத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளெல்லாம் சாப்பிட்டு எழுந்துபோன பிறகு, ஆறிப்போன சோற்றை எப்போதும்போல நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகச் சாப்பிட்டோம்.